உதவிக்குக் கூப்பிட்டவளுக்கே தண்டனையா?

கேள்வி: வணக்கம் மேடம். அமெரிக்காவில் எஃப்-1 மாணவர் விசாவில் இளநிலை மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வயது 20. போன மாதம் எங்கள் விடுதித் தளத்தில் ஒரு பையன் யாரோ கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு மயங்கி விழுந்துவிட்டான். மூச்சை இழுத்து இழுத்து விட்டான். அறையில் நான்கு பேர் இருந்தோம். நான் எதையும் தொடவில்லை. அவசர உதவி எண் 911-ஐக் கூப்பிட்டால் எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள் என்று பேசிப் பேசியே பத்து நிமிடம் போய்விட்டது. கடைசியில் என் தோழி ஒருத்திதான் கூப்பிட்டாள். அவன் பிழைத்துவிட்டான். போலீஸ் யாரையும் கைது செய்யவில்லை. ஆனால் பல்கலைக்கழகம் அவனை ஒரு வருடம் இடைநீக்கம் செய்தது. போன வாரம் என் தோழியையும் இரண்டு செமஸ்டருக்கு விடுதியிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவள் அமெரிக்கப் பெண், ஆனால் வீடு வெகுதூரம். இப்போது சில மாணவர்கள் இந்த விதிகளை மாற்றச் சொல்லி இயக்கம் நடத்துகிறார்கள். நேரில் பார்த்தவள் என்பதால் மாணவர் பிரதிநிதிகள் மன்றமான செனட்டில் என்னைப் பேசச் சொல்கிறார்கள். இது போதையை ஆதரிக்கும் கூட்டம் என்கிறாள் என் அறைத்தோழி. விசாவை நினைத்தாலும் பயமாக இருக்கிறது. அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்றும் தெரியவில்லை. நான் சேரலாமா? சேர்ந்தால் என்ன கேட்க வேண்டும்?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் அந்தப் பத்து நிமிடத்திலேயே மனம் நின்றுவிடுகிறது. மாணவர்களின் ஒழுங்கு நடவடிக்கை வழக்குகளில் பல வருடங்களாக வாதாடி வருகிறேன். இந்தப் பத்து நிமிடத்தை வேறு வேறு மாணவர்களின் வாயால் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். அந்த அறையில் இருந்த நான்கு பேரில் ஒருவர்கூடக் கல்நெஞ்சக்காரர் இல்லை. போனை எடுத்தால் படிப்பு போய்விடும் என்று உங்கள் பல்கலைக்கழகமே உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. அதை நீங்கள் நம்பினீர்கள். கூப்பிட்டவளுக்கு நடந்ததைப் பார்த்தால், நம்பியதும் சரிதான்.

முதலில் அவசரமான ஒன்று. உங்கள் தோழிக்கு முடிவுக் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. மேல்முறையீட்டுக்குப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் தரும் அவகாசம் சில வேலை நாட்கள்தான். இன்றே அந்தக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். தேதி தாண்டாமல் இருந்தால், தண்டனை செயலுக்குப் பொருந்தாத அளவு கடுமையானது என்ற காரணத்தைக் காட்டி எழுதலாம். அந்தக் காரணத்தைப் பல பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன. 911 அழைப்பு எத்தனை மணிக்கு வந்தது, ஆம்புலன்ஸ் எப்போது சேர்ந்தது என்பதற்கெல்லாம் பதிவு இருக்கும். அதைக் கேட்டு வாங்கி இணைக்கட்டும். தேதி தாண்டியிருந்தால், கூடுதல் அவகாசம் கேட்டு மாணவர் நலத்துறைத் தலைவருக்கு, அதாவது டீனுக்கு, ஒரு கடிதம் எழுதட்டும். மறுத்தாலும் நஷ்டமில்லை.

இனி உங்கள் கேள்விகள்.

இது போதையை ஆதரிக்கும் கூட்டமா? உங்கள் அறைத்தோழி கேட்டது நியாயமான கேள்வி, அதைத் தட்டிக்கழிக்க வேண்டாம். இப்படிப்பட்ட இயக்கங்களில் பல கருத்துக்காரர்கள் இருப்பார்கள். கஞ்சாவைச் சட்டபூர்வமாக்க வேண்டும் என்பவரும் இருப்பார், அண்ணனை ஓவர்டோஸில் பறிகொடுத்து, போதை என்றாலே வெறுப்பவரும் இருப்பார். இவர்கள் ஒன்றுசேர்வது ஒரு விஷயத்தில்தான்: தண்டனைப் பயம் உயிரைக் காப்பாற்றுவதற்குக் குறுக்கே நிற்கக் கூடாது. அதற்கு மட்டும் நீங்கள் கையெழுத்துப் போடலாம். மற்றதில் உங்களுக்கு உடன்பாடு இல்லையென்றால், இல்லை என்று சொல்லிக்கொண்டே அதே மேசையில் உட்காரலாம்.

தண்டனை இல்லையென்றால் எல்லோரும் துணிந்து குடிப்பார்கள், மாத்திரை போடுவார்கள் என்பது அடுத்து வரும் வாதம். கார்னெல் பல்கலைக்கழகம் 2002இல் 'மெடிக்கல் அம்னெஸ்டி' என்ற விதியைக் கொண்டுவந்தது. மது அளவு மீறி ஆபத்தில் இருப்பவருக்காக மருத்துவ உதவி கேட்டால் ஒழுங்கு நடவடிக்கை இருக்காது என்பது அதன் சாரம். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார்கள். குடிப்பழக்கம் ஏறவில்லை. உதவி கேட்டு வந்த அழைப்புகள்தான் ஏறின. சம்பவத்துக்குப் பிறகு ஆலோசகரைச் சந்தித்த மாணவர்களின் விகிதம் இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. என்னைக் கேட்டால் இந்தக் கடைசி விவரத்துக்குத்தான் கனம் அதிகம். இடைநீக்கம் செய்யப்பட்ட அந்தப் பையன் இப்போது எங்கே இருக்கிறான், யாரோடு பேசுகிறான்? உதவி தேவைப்பட்ட நேரத்தில், உதவி கிடைக்கும் இடத்திலிருந்தே அவனை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

கார்னெலில் பேசப்பட்டது மது. இன்று அபாயம் அதைவிடப் பெரியது. அமெரிக்காவில் 2022இல் மட்டும் ஓவர்டோஸில் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் பெரும்பங்கு, ஓபியாய்டு எனப்படும் அபின் வகையைச் சேர்ந்த கடும் வலிநிவாரணியான ஃபெண்டனிலால். 2 மில்லிகிராமே உயிரைப் பறிக்கக்கூடியது என்று போதைத் தடுப்பு முகமையான டி.இ.ஏ. எச்சரிக்கிறது. தேர்வு நேரத்தில் விழித்திருக்க உதவும் என்று கைமாறும் மாத்திரை பார்ப்பதற்கு மருந்துக்கடை மாத்திரை போலவே இருக்கும், உள்ளே வேறு இருக்கும். இந்தக் காலத்தில் பத்து நிமிடத் தயக்கம் என்பது சாதாரண விஷயம் இல்லை.

மாணவர்கள் கேட்டால் ஏதாவது மாறுமா என்று சந்தேகம் வரும். மாறியிருக்கிறது, ஆனால் காலம் எடுத்தது. 1998இல் உயர்கல்விச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். போதைப்பொருள் குற்றத்தில் தண்டிக்கப்பட்டால் மத்திய அரசின் கல்வி உதவி நிற்கும். வைத்திருந்ததற்கு முதல் தடவை ஒரு வருடம், இரண்டாம் தடவை இரண்டு வருடம், மூன்றாம் தடவை காலவரையின்றி. பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு இந்த விதியால் ஒன்றும் ஆகாது. உதவித்தொகையை நம்பிப் படித்தவர்தான் வீட்டுக்குப் போனார். இதை எதிர்த்து மாணவர்கள் அமைப்பாகத் திரண்டார்கள். ஸ்டூடன்ட்ஸ் ஃபார் சென்சிபிள் டிரக் பாலிசி என்ற அமைப்பு அதே 1998இல் பிறந்தது. 2006இல், உதவி பெறும் காலத்தில் செய்த குற்றத்துக்கு மட்டும் என்று பிரிவு சுருங்கியது. 2020 டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தில் அது அடியோடு போனது. 22 வருடம்! ஆரம்பித்தவர்கள் யாரும் அப்போது மாணவர்களாக இல்லை. உங்கள் கோரிக்கைக்கு நாடாளுமன்றம் வேண்டியதில்லை, உங்கள் பல்கலைக்கழகத்தின் நடத்தை விதிப் புத்தகத்தில் ஒரு பக்கம் மாறினால் போதும்.

"மாநிலத்தில் குட் சமாரிட்டன் சட்டம்தான் இருக்கிறதே, அப்புறம் எப்படித் தண்டித்தார்கள்?" என்று உங்கள் நண்பர்கள் கேட்டிருப்பார்கள். ஓவர்டோஸுக்கு உதவி கேட்பவரைக் காக்கும் சட்டத்தை 2007இல் முதலில் நியூ மெக்சிகோ கொண்டுவந்தது. இன்று பெரும்பாலான மாநிலங்களில் ஏதோ ஒரு வடிவத்தில் அது இருக்கிறது. போலீஸ் யாரையும் கைது செய்யாததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். ஆனால் அந்தச் சட்டம் கட்டுப்படுத்துவது போலீஸையும் அரசு வழக்கறிஞரையும்தான். பல்கலைக்கழகத்தின் ஒழுங்கு அலுவலகம் தன் சொந்த விதிப்படி நடக்கும். அங்கே சாட்சியத்துக்கான அளவுகோலும் நீதிமன்றத்தைவிடத் தாழ்வு. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று தோன்றினாலே பெரும்பாலும் போதும். சட்டத்துக்கும் விதிப் புத்தகத்துக்கும் நடுவே இருக்கும் இந்தப் பள்ளத்தில்தான் உங்கள் தோழி விழுந்திருக்கிறாள்.

நிர்வாகத்தைப் பார்க்கப் போனால், எங்கள் கைகளை மத்தியச் சட்டம் கட்டிவைத்திருக்கிறது என்பார்கள். அவர்கள் சொல்வது, போதையற்ற பள்ளிகள் மற்றும் சமூகங்கள் சட்டத்தின் 1989ஆம் ஆண்டுத் திருத்தம். அதை வரி வரியாகப் படித்துவிட்டுப் போங்கள். மத்திய நிதி பெறும் பல்கலைக்கழகம் போதைத் தடுப்புத் திட்டம் ஒன்றை வைத்திருக்க வேண்டும், விதிகளையும் உடல்நல ஆபத்துகளையும் கிடைக்கும் சிகிச்சைகளையும் ஒவ்வொரு வருடமும் எல்லா மாணவருக்கும் எழுத்தில் தர வேண்டும், மீறுபவர் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. நடவடிக்கை நீக்கம் வரை போகலாம். போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மறுவாழ்வுத் திட்டத்தை முடிப்பதையே நடவடிக்கையாக வைக்கலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. கை கட்டப்படவில்லை. அவர்களே கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அதே சட்டம் மாணவர்கள் கையில் ஒரு நல்ல கருவியையும் தந்திருக்கிறது. அதைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, தன் திட்டம் பலன் தருகிறதா, தண்டனைகள் எல்லோருக்கும் ஒரே மாதிரி விதிக்கப்படுகின்றனவா என்று பல்கலைக்கழகம் ஆய்வு செய்தாக வேண்டும். அந்த முடிவுகளைப் பொதுமக்களில் யார் கேட்டாலும் தர வேண்டும். கேளுங்கள். மின்னஞ்சலில், தேதியோடு கேளுங்கள். சில நேரம் கனமான அறிக்கை வரும், சில நேரம் இரண்டு பக்கச் சம்பிரதாயம் வரும். இரண்டுமே உங்களுக்கு உதவும். கூடவே, வளாகக் குற்றங்களைப் பற்றிய கிளெரி சட்டப்படி ஒவ்வொரு அக்டோபர் 1க்குள் வெளியாகும் பாதுகாப்பு அறிக்கையையும் எடுத்துக்கொள்ளுங்கள். வளாகத்தில் போதைப்பொருள் தொடர்பாக எத்தனை கைது, எத்தனை பேர் ஒழுங்கு நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டார்கள் என்ற மூன்று வருடக் கணக்கு அதில் இருக்கும். மனுவில் ஆயிரம் கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் இந்த இரண்டையும் படித்த நான்கு பேர் உங்கள் குழுவில் இருக்க வேண்டும்.

சரி, என்ன கேட்பது? ஒன்றே ஒன்றைக் கேளுங்கள். உயிராபத்தில் உதவி கேட்டால் தண்டனை இல்லை என்ற விதி. போதை பற்றிய எல்லா விதிகளையும் ஒரே மூச்சில் மாற்றக் கேட்டுப் போகிற குழுக்களுக்குப் பெரும்பாலும் ஒரு கமிட்டிதான் கிடைக்கிறது. கமிட்டி கூடிக் கலைவதற்குள் மாணவர்கள் பட்டம் வாங்கிப் போய்விடுகிறார்கள்.

உங்கள் பல்கலைக்கழகத்தில் இப்படி ஒரு விதி ஏற்கனவே அரைகுறையாக இருக்கலாம். பல இடங்களில் இருக்கிறது, மதுவுக்கு மட்டும். மாத்திரை விழுங்கியவனுக்கும் குடித்து விழுந்தவனுக்கும் மூச்சு ஒன்றுதான் என்று நிர்வாகத்திடம் சொல்லுங்கள். அடுத்து, வினைச்சொல்லைப் பாருங்கள். "நடவடிக்கையைத் தவிர்க்கலாம்" என்று இருந்தால் அந்த விதியால் பயனில்லை. தவிர்ப்பதும் தவிர்க்காததும் அதிகாரியின் மனநிலையைப் பொறுத்தது என்று இரவு இரண்டு மணிக்குப் பயந்து நிற்கும் பிள்ளைக்குத் தெரியும். "நடவடிக்கை எடுக்கப்படாது" என்று இருக்க வேண்டும். கூப்பிட்டவர், பாதிக்கப்பட்டவர், உடனிருந்தவர் என்று மூன்று பேரையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். பாதிக்கப்பட்டவரை விட்டுவிட்டால், "என்னைக் காட்டிக்கொடுக்காதே" என்று நண்பன் கெஞ்சுவான், கூப்பிடும் கை மறுபடி தயங்கும். விடுதித் துறைக்கும் விதி பொருந்தும் என்று தனியாக எழுதவையுங்கள். ஒழுங்கு அலுவலகம் மன்னித்தாலும் விடுதி ஒப்பந்தத்தைக் காட்டி வெளியேற்றிய வழக்கு ஒன்றை நானே நடத்தியிருக்கிறேன். ஒரு பெண் மூன்று வாரம் நூலகத்தில் தூங்கினாள். நல்ல விதியைக் கையில் வைத்துக்கொண்டே தோற்ற வழக்கு அது. இன்றும் உறுத்துகிறது.

நீங்களும் சிலதை விட்டுக்கொடுங்கள். சம்பவத்துக்குப் பிறகு ஆலோசகரைக் கட்டாயம் சந்திக்க வேண்டும் என்றால் ஒத்துக்கொள்ளுங்கள், அது நல்லதுதான். விற்றவரைக் காக்கக் கேட்காதீர்கள். பாலியல் வன்முறையையோ அடிதடியையோ இந்த விதி மூடக் கூடாது என்று நீங்களே முதலில் எழுதுங்கள். நிர்வாகத்தின் பாதி எதிர்ப்பு அங்கேயே கரைந்துவிடும். ஆதரவுக்கு வளாக போலீஸ் தலைவரையும் ஆம்புலன்ஸ் தன்னார்வலர்களையும் போய்ப் பாருங்கள். தாமதமாக வரும் அழைப்பு என்ன செய்யும் என்று அவர்களுக்குத்தான் நேரடியாகத் தெரியும். செனட்டில் அவர்களில் ஒருவர் ஐந்து நிமிடம் பேசினால் போதும்.

இப்போது உங்கள் விசா. இங்கே உங்கள் நண்பர்களுக்கும் உங்களுக்கும் ஒரே அளவு ஆபத்து இல்லை என்பதை மென்று விழுங்காமல் சொல்கிறேன்.

விதியை மாற்றச் சொல்லிப் பேசுவது குற்றம் இல்லை. பேச்சுரிமை குடிமக்களுக்கு மட்டுமானதும் இல்லை. ஆனால் குடியேற்றச் சட்டம் போதைப்பொருள் விஷயத்தில் மிகக் கடுமையானது. சொந்த உபயோகத்துக்காக 30 கிராமுக்கு மேற்படாத கஞ்சா வைத்திருந்த ஒரே ஒரு குற்றத்தைத் தவிர, போதைப்பொருள் குற்றத்துக்காக நீதிமன்றத்தில் விதிக்கப்படும் எந்தத் தண்டனையும் உங்களை நாடு கடத்தத்தக்கவர் ஆக்கும். அந்த விதிவிலக்கும் ஊருக்குப் போய்த் திரும்பி வரும்போது விமான நிலையத்தில் கைகொடுக்காது. மாநிலத்தில் கஞ்சா சட்டபூர்வம் என்பதும் உதவாது. விசா தருவது மத்திய அரசு, அதன் சட்டத்தில் அது இன்னும் தடைசெய்யப்பட்டதுதான். நீதிமன்றத்தில் "குற்றத்தை ஒப்புக்கொண்டு வகுப்புக்குப் போ, வழக்கை மூடிவிடுகிறோம்" என்று சொல்வார்கள். மாநிலச் சட்டத்தில் அது தண்டனையாகவே இருக்காது. குடியேற்றச் சட்டத்தில் அதுவும் தண்டனைதான்.

இதில் யாரும் எதிர்பார்க்காத பொறி ஒன்று இருக்கிறது. வழக்கே இல்லாவிட்டாலும், போதைப்பொருள் குற்றம் ஒன்றைச் செய்ததாக ஒருவர் ஒப்புக்கொண்டால், அதை வைத்தே விசாவை மறுக்க இடமுண்டு. இந்த மாதிரி இயக்கங்களில் "உன் கதையைச் சொல்" என்பார்கள். உங்கள் அமெரிக்க நண்பன் மேடையேறி "நானும் ஒரு காலத்தில்..." என்று ஆரம்பிக்கலாம், கைதட்டல் வாங்கலாம். வெளிநாட்டு மாணவர் ஒருவர் அதைச் செய்யக் கூடாது, விளையாட்டுக்கும் கூடாது, வாட்ஸ்அப் குழுவிலும் கூடாது. 2025 ஜூனிலிருந்து மாணவர் விசாவுக்கு விண்ணப்பிப்பவர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும். நீங்கள் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை, அது நிம்மதி. உங்கள் குழுவில் உள்ள மற்ற வெளிநாட்டு மாணவர்களிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.

ஆகவே நான் சொல்வது இது. சேருங்கள். செனட்டில் நேரில் பார்த்தவராகப் பேசும் இடத்தை, சம்மதித்தால், உங்கள் தோழிக்கு விடுங்கள். அந்தக் கதை அவளுடையது, அவளுக்கு விசாக் கவலையும் இல்லை. நீங்கள் அந்த இரண்டு வருட ஆய்வறிக்கையைக் கேட்டு வாங்கி, மற்றப் பல்கலைக்கழகங்களின் விதிகளோடு ஒப்பிட்டு, வரைவை எழுதுகிறவராக இருங்கள். அந்த வேலைக்கு ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். பேசியே ஆக வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், எழுதி வைத்துப் பேசுங்கள். அந்தத் தாளை முன்கூட்டியே ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பல பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கான இலவசச் சட்ட உதவி மையம் உண்டு, அங்கே தொடங்கலாம். உங்கள் ஐ-20 என்ற மாணவர் தகுதிச் சான்றைப் பார்க்கும் டி.எஸ்.ஓ., அதாவது வெளிநாட்டு மாணவர்களுக்கான பல்கலைக்கழக அதிகாரி, எவ்வளவு அன்பானவராக இருந்தாலும் உங்கள் வழக்கறிஞர் இல்லை. செவிஸ் என்ற அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவேட்டில் சிலதைப் பதிவு செய்ய வேண்டிய கடமை அவருக்கு இருக்கிறது. மனம்விட்டுப் பேச வேண்டுமென்றால் மனநல ஆலோசனை மையம் இருக்கிறது, அங்கே சொல்வது ரகசியமாக இருக்கும். அந்த இரவைப் பற்றி நீங்கள் இதுவரை யாரிடமும் பேசியிருக்கவில்லை என்றால், இந்த வாரமே அங்கே போங்கள். இயக்க வேலையெல்லாம் அதற்குப் பிறகு ஆகட்டும்.

விதி மாறும்வரை ஒரு காரியம். நலோக்ஸோன் மூக்கு ஸ்பிரே 2023 மார்ச்சிலிருந்து மருத்துவர் சீட்டு இல்லாமல் கிடைக்க அனுமதி உண்டு. ஃபெண்டனில் போன்ற ஓபியாய்டுகளால் நின்றுபோகும் மூச்சை இரண்டு மூன்று நிமிடத்தில் அது மீட்கும். அதன் வேலை 30 முதல் 90 நிமிடம்வரைதான். மாத்திரையின் வேகம் அதற்குமேலும் நீடிக்கலாம். அதனால் ஸ்பிரே அடித்தாலும் 911-ஐக் கூப்பிட வேண்டும். உங்கள் தளத்தில் ஒன்று இருக்கட்டும். எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியட்டும். ஃபெண்டனில் கலப்பைக் கண்டுபிடிக்கும் பட்டைகளை விநியோகிக்கலாம் என்று குழுவில் யாராவது சொன்னால், உங்கள் மாநிலச் சட்டம் அதை அனுமதிக்கிறதா என்று உறுதிசெய்யாமல் நீங்கள் கை வைக்காதீர்கள்.

அப்பாவைப் பற்றி. 21 வயதுக்குட்பட்ட மாணவர் போதை அல்லது மது விதியை மீறினார் என்று முடிவானால் பெற்றோருக்குச் சொல்லப் பல்கலைக்கழகத்துக்கு மத்தியச் சட்டம் இடம் தருகிறது. உங்கள் மேல் அப்படி எதுவும் இல்லை. மனு எழுதியதற்காக அவருக்குக் கடிதம் போகாது. ஆனாலும், வேறு யார் வாயிலிருந்தோ கேட்பதைவிட நீங்களே சொல்லிவிடுவது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. இயக்கம், கொள்கை என்று ஆரம்பித்தால் பயந்துவிடுவார். "அப்பா, எங்கள் தளத்துப் பையன் மூச்சுத் திணறிக் கிடந்தான், நாங்கள் பத்து நிமிடம் பயந்து நின்றோம்" என்று ஆரம்பியுங்கள். கோபப்படுவார், அப்புறம் நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்பார். மற்றதை அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

வரைவு தயாரானதும் எனக்கு அனுப்பிவையுங்கள். அந்த வினைச்சொற்களை நான் ஒருமுறை பார்த்துத் தருகிறேன்.